பிரிட்டோவின் தண்ணீர்

டீக்கடைக்காரரிடம் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, பாட்டில் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை ஊக்கால் நெம்பிக்கொண்டிருந்தபோதுதான் ஆம்புலன்ஸ் என்னைத் தாண்டிப் போனது. அவசரத்தில் ஊக்கு விரலில் குத்திவிட்டது. ரத்தம் மூடியில் படாமல் கையை விலக்கிக்கொண்டேன். பட்டிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து கழுவ வேண்டும்.

பெரும்பாலானவர்கள் பாட்டிலைக் கழுவுவதாக நினைத்துக்கொண்டு தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுகிறார்கள், இன்ஸ்பெக்டர் மேடம். வளையத்தை யாரும் கழற்றுவதில்லை. உங்கள் மேஜைமேல் இருக்கும் பாட்டிலையே திறந்து பாருங்கள். வளையத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். அது அழுக்கு இல்லை. வளர்கிற சாமான்.

நான் மிரட்டப்பட்டு இதைச் சொல்லவில்லை. சினேகா மனு கொடுத்திருக்கிறாள், அவள் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் நான் செய்ததில் இருக்கும் நியாயம் புரியும். அந்த அம்மா பெயர் பட்டு. கேம்ப் ரோடில் கூடை வைத்து மீன் விற்பவள். அவளுக்கும் எனக்கும் ஒரு விரோதமும் கிடையாது. அவளிடம் ஷீலா மீன் வாங்கியிருக்கிறாள்.

ஷீலா என் மனைவி. மூன்று வருடமாக அவளுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி குரோம்பேட்டையில் டயாலிசிஸ். சேலையூரிலிருந்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய், அவளைப் படுக்க வைத்துவிட்டு, நான் வேலை பார்க்கும் கல்லூரிக்குப் போவேன். கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளர். இருபத்திரண்டு வருடம்.

டயாலிசிஸ் நோயாளிக்கு மருந்தைவிட முக்கியம் தண்ணீர் கணக்கு. ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி. குழம்பு, காபி, மாத்திரை விழுங்குவது எல்லாம் சேர்த்து. அதற்குமேல் குடித்தால் வெளியேற வழியில்லை, நுரையீரலில் போய்த் தேங்கும். நான் லேபிலிருந்து அளவு ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து அடுக்களையில் வைத்திருந்தேன்.

"சுகு, ஒரே ஒரு மடக்கு" என்பாள்.

"முடிஞ்சிடுச்சும்மா."

"நாக்கு ஒட்டுதுடா. ஒரு வாய் தண்ணி குடு, உனக்குப் புண்ணியமா போகும்."

இல்லை என்று சொல்வேன். முதல் மாதம் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். ஆறாவது மாதம் சொல்லிவிட்டுப் பேப்பர் படித்தேன். அவள் நான் இல்லாதபோது குடித்துவிடுகிறாள் என்று தெரிந்ததும், வாஷ்பேசின் குழாயின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். குடிதண்ணீர் கேனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கேட்பவர்களுக்கு அது கொடுமையாகத் தெரியும். டாக்டர் என்னைப் பாராட்டினார். மூன்று வருடம் அவள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் நான்தான் என்று நர்ஸ்களிடம் சொன்னார்.

ஷீலாவின் தம்பி பிரிட்டோ. தாம்பரம் வேளச்சேரி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். முப்பத்தெட்டு வயது, ரத்த வகை பொருந்தியது, எல்லாச் சோதனையும் பொருந்தியது. "எங்கக்காவுக்கு நான் குடுக்காம வேற எவன் குடுப்பான்?" என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டான். மார்ச் மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஆட்டோ ஸ்டாண்டில் எவனோ நீட்டிய பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தான். டைபாய்டு. ஆபரேஷன் ரத்தானது. மறுபடி தேதி கிடைக்க ஆறு மாதம். செப்டம்பர் பன்னிரண்டு.

இந்த ஆறு மாதத்தில் ஷீலா பதினோரு கிலோ இறங்கிவிட்டாள். அடுத்த முறை தள்ளிப்போனால் அவள் உடம்பு ஆபரேஷனைத் தாங்காது என்று டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்படியென்றால் எனக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். செப்டம்பர் பன்னிரண்டு வரை பிரிட்டோவுக்கு ஒரு காய்ச்சல்கூட வரக் கூடாது.

ஆனால் அவன் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டிருந்தான்.

"டேய், ஆபரேஷன் முடிஞ்சு அடுத்த வருஷம் போடா" என்றேன்.

"வேண்டுதலே அக்காவுக்குத்தான் மாமா. நடந்துட்டு வந்து குடுக்கறேன்னு மாதாகிட்ட சொல்லிட்டேன். இப்ப டபாய்ச்சா நல்லா இருக்குமா?"

ஷீலாவும் அவன் பக்கம் பேசினாள். எனக்கு வேறு வழியில்லை. நானும் நடக்கிறேன் என்று பெயர் கொடுத்தேன். நான் கோயில் குளம் போகிறவன் இல்லை, மேடம். அவன் பக்தியோடு நடந்தான். நான் என் மனைவியின் கிட்னிக்குப் பின்னால் நடந்தேன்.

ஜூலை முழுவதும் காலையில் செம்பாக்கம் ஏரியைச் சுற்றி அவனைக் கூட்டிக்கொண்டு நடந்து பழகினேன். அவனுக்கு நடை. எனக்குப் பாட்டில். ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில்கள் இரண்டு வாங்கினேன். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், மற்றதில் நீல நூல். ஒன்று அவன் கையில், நிரப்பிய மற்றது என் பையில். அவன் முடித்ததும் மாற்றிக் கொடுப்பேன். தங்கும் இடம் வந்ததும் ஒரு கைப்பிடி பச்சரிசி, கல்லுப்பு, கொஞ்சம் வெந்நீர் போட்டுக் குலுக்குவேன். பிரஷ் போகாத மூலையெல்லாம் அரிசி போகும். பிறகு வளையத்தைக் கழற்றித் தனியாகத் தேய்த்து, கொதிநீரில் முக்கி, வெயிலில் கவிழ்த்து வைப்பேன். ஈரத்தோடு மூடவே கூடாது. குடிக்கிற தண்ணீரும் பத்து நிமிடம் கொதித்து ஆறியதுதான். வாங்குகிற பாட்டில் தண்ணீரை நான் நம்புவதில்லை.

ஆகஸ்ட் பதினெட்டு அதிகாலை சேலையூரிலிருந்து கிளம்பினோம். முப்பத்தோரு பேர், காவி உடை, சின்ன வேனில் மாதா சொரூபம், சமையல் சாமான். கூட்டத்துக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று எங்கள் குழு எப்போதும் நாலைந்து நாள் முந்திக் கிளம்பும். அதனால் வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் இன்னும் போட்டிருக்க மாட்டார்கள். நடக்கும்போது போன் கூடாது என்பது குழுவின் விதி. எல்லோருடைய போனும் வேனில் போய்விடும். வரிசையில் கடைசியாக வருபவரிடம் மட்டும், யாராவது விழுந்தால் கூப்பிட, அவருடைய போன் இருக்கும். கடைசியாக நடக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்னாலிருந்தால்தான் பிரிட்டோ எதை வாயில் வைக்கிறான் என்று பார்க்க முடியும்.

முதல் நாளே சமையல்காரர் சேட்டு முறைத்தார்.

"இன்னா சார், முப்பது பேருக்குச் சோறு வடிக்க அடுப்பு பத்தல. நீ பாட்டிலுக்குத் தண்ணி காய வெச்சிகினு கீற?"

பட்டு அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, கறுத்த பெரிய உடம்பு, பிரஷர் மாத்திரை போடுபவள். வேறு சாமிக்காரி என்றாலும் பதினாலு வருடமாக நடக்கிறாளாம். கடலுக்குப் போன மகன் ஒரு புயலில் சிக்கித் திரும்பி வந்ததற்காக ஆரம்பித்தது.

"வுடு சேட்டு. பச்சக் கொயந்தைக்குக்கூட இப்டிக் குளிப்பாட்ட மாட்டாங்கோ. சாம்பிராணி போடலியா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரிட்டோதான் அதிகம் சிரித்தான். "அக்கா, அது பாட்டில் இல்லக்கா. என் கிட்னி. மாமா இப்பவே கழுவி வெச்சுக்கறாரு."

நானும் சிரித்தேன். தவறாக ஒன்றும் சொல்லவில்லை அவன்.

பட்டுவிடம் இரண்டு லிட்டர் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிக் கோணித் துணி வைத்துத் தைத்திருந்தாள். துணியை நனைத்துக்கொண்டே நடப்பாள். காற்றில் துணி காயக் காய உள்ளே தண்ணீர் சில்லென்று ஆகும். மீன் கூடையோடு அலைந்து கண்டுபிடித்த வித்தை. நான் அதை ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் பச்சையாகப் பாசி. மூடியில் மீன் வாடை. கழுவுவதுண்டா என்று கேட்டேன்.

"தண்ணி ஊத்தற பாட்டில எதுக்கு சார் தண்ணி ஊத்திக் கழுவணும்?" என்றாள்.

மூன்றாம் நாள் மதியம், நான் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பிரிட்டோ அந்தப் பாட்டிலை வாயில் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஐஸ் வாட்டர் மாதிரி கீது மாமா. உன் தண்ணி வெந்நி மாதிரியே இருக்கு."

நான் சத்தம் போடவில்லை. அவன் தோளில் கை போட்டு, தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் அழைத்துப் போனேன். ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். குடிக்க மாட்டேன் என்றான். செப்டம்பர் பன்னிரண்டு என்றேன். குடித்தான். வரவில்லை. அவன் தொண்டைக்குள் இரண்டு விரலை நான்தான் விட்டேன். விரலைக் கழுவிவிட்டுத்தான் விட்டேன்.

வாந்தி எடுத்து முடித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, நான் மனுசன் மாமா. டிபன் கேரியர் இல்ல."

"தெரியும்டா."

"இப்டியே பண்ணிக்கினு இருந்தா நான் குடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து, "சும்மா கோவத்துல சொன்னேன் மாமா, மனசுல வெச்சுக்காத" என்றான். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பாட்டில் இருக்கும்வரை அவன் அதில்தான் குடிப்பான், என் தண்ணீரைக் குடிக்க மாட்டான் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகிவிட்டது.

அன்று சாயங்காலமே பட்டுவிடம் போனேன்.

"அக்கா, உங்க பாட்டிலையும் குடுங்க. காலைல என்னோடதோட சேர்த்துக் கழுவித் தரேன்."

அவளுக்கு நம்ப முடியவில்லை. "உனக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்றாள். பிறகு கோணித் துணியைப் பிரித்து, பாட்டிலை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். "மவராசனா இரு. உன் வூட்டு அம்மா நல்லாயிடுவாங்கோ, பாரு."

விடியற்காலை அதில் அரிசியும் உப்பும் போடவில்லை. நேராகக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். ஒரு நிமிடத்தில் வாழைப்பழத் தோல் மாதிரி சுருண்டுவிட்டது. அந்த மாதிரி பிளாஸ்டிக்கில் கொதிநீர் ஊற்றக் கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா என்று சற்றுமுன் கேட்டீர்கள். நான் இருபத்திரண்டு வருடமாகக் கெமிஸ்ட்ரி லேபில் இருக்கிறேன், மேடம்.

அவள் திட்டவில்லை. சுருண்ட பாட்டிலைப் பார்த்துச் சிரித்தாள். "நீ குளிப்பாட்டின குளிப்பாட்டுல செத்தே போச்சு. வுடு சார், போற வழில ஒண்ணு வாங்கிக்கறேன்."

வழியில் கடை இல்லை. அன்றைக்கு நடை மரக்காணம் உப்பளங்களின் ஓரமாக. இரண்டு பக்கமும் வெள்ளையாக உப்பு. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. காலை பத்துக்குள் அடுத்த ஊரில் உள்ள பள்ளிக்கூடம் சேர்ந்துவிடுவது திட்டம். பட்டுவுக்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது, அவளால் வேகமாக நடக்க முடியவில்லை. பிரிட்டோ தன் பாட்டிலை அவளிடம் நீட்டினான். நான் தடுத்தேன்.

"நீ வரிசையோட போடா. அக்காவை நான் கூட்டிட்டு வரேன். என்கிட்ட ரெண்டு பாட்டில் தண்ணி இருக்கு."

இதை முப்பது பேர் கேட்டார்கள். என்னிடம் இரண்டு பாட்டில் இருந்தது உண்மை. ஒன்று என்னுடையது. மற்றது பிரிட்டோவின் நீல நூல் பாட்டில். என்னை நம்பித்தான் எல்லோரும் முன்னால் போனார்கள். ஒன்பதரைக்குள் என்னுடைய பாட்டில் தீர்ந்துவிட்டது. அவளுக்கும் கொடுத்தேன், நானும் குடித்தேன். அதில் நான் பாரபட்சம் காட்டவில்லை.

பத்து மணிக்குமேல் வெயில் தரையிலிருந்தும் அடிக்க ஆரம்பித்தது. பட்டு பேச்சை நிறுத்தினாள். அதுவரை என்னோடு நடந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவள் பேச்சை நிறுத்தியதே இல்லை. பத்து ஐம்பதுக்கு ஒரு கிலோமீட்டர் கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். வியர்வை நின்றுபோயிருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்குத் தெரியும்.

"சார், ஒரு வாய் தண்ணி குடு."

முடிந்துவிட்டது என்றேன்.

"தோ, அந்தப் பையில கீதே."

"அது பிரிட்டோவுக்கு அக்கா."

"நாக்கு ஒட்டிக்கிச்சு சார். ஒரே ஒரு மடக்கு. புண்ணியமா போவும்."

மேடம், இந்த வார்த்தைகளை மூன்று வருடம் தினமும் கேட்டவன் நான். தண்ணீர் கேட்கிற பெண்ணிடம் இல்லை என்று சொல்வது எனக்குப் பழகிப்போன காரியம். எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியும். தாழ்ந்த குரலில், முகத்தைப் பார்த்து, ஒரு தடவைக்குமேல் சொல்லாமல்.

வாய் படாமல் தூக்கி ஊற்றியிருக்கலாமே, கையில் ஊற்றியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதை நானும் யோசித்தேன். மூடியைத் திறக்கக்கூடச் செய்தேன். ஆனால் இருப்பது ஒரு லிட்டர். அவள் இருந்த நிலைக்கு ஒரு மடக்கோடு நிற்காது. அது தீர்ந்துவிட்டால், பிரிட்டோ பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணீரைக் குடிப்பான். மதியம்வரை வேறு கொதித்த தண்ணீர் கிடையாது. மூடியைத் திருகி மூடினேன். அப்போது அவள் கை நீட்டி பாட்டிலைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

சாலையில் கார்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. கை காட்டியிருக்கலாம். போன் என்னிடம் இருந்தது, நூற்றெட்டைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவர்கள் வரும்வரை நான் அங்கே நிற்க வேண்டும். நின்றால் அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. என் மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

"உக்காந்திருங்க அக்கா. போய் வண்டி அனுப்பறேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஊர் எல்லையை அடைந்தபோது பதினொன்றரை. முதலில் கண்ணில் பட்டது டீக்கடை. பாட்டிலில் அவள் விரல் பட்டிருந்தது. மீன்காரி விரல். அதனால் உள்ளிருந்த தண்ணீரை என்னிடமிருந்த தூக்குச்சட்டியில் மாற்றிவிட்டு, வெந்நீர் வாங்கிக் கழுவ உட்கார்ந்தேன். வண்டி அனுப்பச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆம்புலன்ஸை அழைத்தது பால் வண்டிக்காரர் ஒருவர் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் பிரிட்டோ வாசலிலேயே நின்றிருந்தான்.

"பட்டு அக்கா எங்க மாமா? ஆம்புலன்ஸ் போச்சே, யாருக்கு?"

அப்போது மணி பன்னிரண்டரை. நான் பாட்டிலை அவன் கையில் கொடுத்துவிட்டு, "ஷீலா போயிட்டாடா" என்றேன்.

அதற்கு மேல் யாரும் பட்டுவைப் பற்றிக் கேட்கவில்லை. பிரிட்டோ மண்ணில் விழுந்து அழுதான். சேட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். குழுவில் ஒருவர் கார் ஏற்பாடு செய்தார். பிரிட்டோவும் நானும் சேலையூர் வந்து சேரும்போது கூடத்தில் ஐஸ் பெட்டி வைத்திருந்தார்கள். பட்டு அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்று மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் வைத்து யாரோ சொன்னார்கள்.

ஷீலாவைப் பிரிட்டோவின் மனைவி எப்சியின் பொறுப்பில்தான் விட்டுவிட்டு வந்திருந்தேன். அளவு ஜாடியையும் பீரோ சாவியையும் அவளிடம் கொடுத்து, எழுதிக் காட்டி, திரும்பச் சொல்ல வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். எப்சி நல்ல பெண். மூன்று நாள் தாங்கினாள். மூன்றாம் நாள் ராத்திரி ஷீலா கெஞ்சிய கெஞ்சலில் மனசு கேட்காமல் பீரோவைத் திறந்துவிட்டாள். ஷீலா ஆசை தீரக் குடித்திருக்கிறாள். நுரையீரல் முழுக்க நீர். இரக்கப்பட்டுக் கொடுத்த தண்ணீர். எப்சி இன்னமும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிரிட்டோ நேற்று வீட்டுக்கு வந்தான். சினேகா உங்களிடம் கொடுத்த மனுவை அவன்தான் எழுதிக் கொடுத்தானாம். "ஏன் மாமா?" என்று ஒரே கேள்வி. உன் அக்காவுக்காகத்தான் என்றேன். அவன் நம்பினான். அழுதுகொண்டே, "அக்கா உயிரோட இருக்கணும்னு இன்னொரு அக்காவைக் கொன்னுட்டியே மாமா" என்றான். அவன் பார்வையில் அது சரிதான். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். மனைவியின் உயிரைக் காப்பாற்றும் எண்ணத்தில் என்று. படித்துக் காட்டியபோது உங்கள் குரல் கொஞ்சம் இளகியது. கோர்ட்டிலும் அது எனக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். பன்னிரண்டரை மணிக்கு எனக்கு மரணச் செய்தி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டரைக்கு நான் பிரிட்டோவிடம் சொன்னேன், அவ்வளவுதான். எல்லோரும் அதே நேரத்தில்தான் எனக்கும் தெரிந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. எப்சியை நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை. "அவங்கக்கா போன விஷயத்தை அவர்கிட்ட நீங்களே பக்கத்துல இருந்து சொல்லுங்கண்ணா" என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டாள், பிறகு அவளும் யாரிடமும் எதுவும் பேசவில்லை.

அவள் எனக்குப் போன் செய்தது காலை எட்டு இருபதுக்கு. நானும் பட்டுவும் உப்பளத்துக்குள் நுழைந்த நேரம். பேசி முடித்து போனைப் பைக்குள் வைத்தேன்.

"வூட்லேர்ந்தா சார்? அம்மா எப்டி கீறாங்கோ?" என்று பட்டு கேட்டாள்.

"நல்லா இருக்கா" என்றேன்.

அவள் நின்று, கடல் இருக்கும் பக்கமாகத் திரும்பி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அதற்கு இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் என்னிடம் தண்ணீர் கேட்டாள்.